முப்பத்தேழு சதவீதம்

அந்த அலுவலகத்தில் அவளுக்கு நாரம்மா என்று பெயர். காப்புரிமை அலுவலகத்தின் நான்காவது மாடியில், பிளாஸ்டிக் பிரிவில், கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக் என்று எந்த விண்ணப்பம் வந்தாலும் பதினான்கு வருடமாக அது அவள் மேசைக்குத்தான் வரும். "பூவோட சேர்ந்த நாருக்கு மணம் மட்டுந்தான். பிளாஸ்டிக்கோட சேர்ந்த நாருக்குப் பேட்டன்ட்டே கிடைக்குது. எல்லாம் சேர்க்கை விசேஷம்" என்று பக்கத்து மேசைக்காரர் ஒரு நாள் சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கும் ஒரு பெயர் உண்டு. ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால்கூட இரண்டு பக்கம் ஆட்சேபணை எழுதுவார் என்பதால் எல்லோருக்கும் அவர் கமா.

அவளுடைய வேலையைச் சொல்வது எளிது, செய்வதுதான் பாடு. ஒரு கம்பெனி வந்து, நாங்கள் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறோம், இருபது வருடத்துக்கு வேறு யாரும் இதைச் செய்யக்கூடாது என்று உரிமை கேட்கும். அது உண்மையிலேயே புதியதா, இல்லை, பழைய கள்ளைப் புது மொந்தையில் ஊற்றிக் கொண்டுவந்திருக்கிறார்களா என்று அவள் பார்க்க வேண்டும். பொருளைக் கண்ணால் பார்க்கக் கிடைக்காது. வளைத்துப் பார்க்கவோ உடைத்துப் பார்க்கவோ முடியாது. எல்லாம் காகிதம். காகிதத்தில் இருக்கும் பொய்யைக் காகிதத்தை வைத்தே பிடிக்க வேண்டும். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியும் என்பார்களே, அந்தக் கேனையன் தானாகிவிடக்கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பாள்.

அந்த வருடத் தொடக்கத்தில் வந்த விண்ணப்பம் ஒரு கார் உதிரிபாகப் பிளாஸ்டிக்கைப் பற்றியது. இஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் ஓடுகிற தொட்டி இருக்கிறதே, அதைச் செய்வதற்கான நைலான். சாதாரணக் கண்ணாடி நாரைக் குறுக்கே வெட்டினால் உருண்டையாக இருக்கும். இவர்கள் நாடா மாதிரித் தட்டையான நாரைச் சேர்த்திருந்தார்கள். கூடவே, சூட்டுத் தண்ணீரில் நைலான் நைந்துபோகாமல் இருக்க ஒரு வேதிப்பொருளும் போட்டிருந்தார்கள். பழைய பிளாஸ்டிக்கையும் புதிய பிளாஸ்டிக்கையும் கொதிக்கும் குளிர்விப்பு நீரில் ஆயிரம் மணி நேரம் ஊறவைத்து உடைத்துப் பார்த்திருந்தார்கள். பழையது பொரி மாதிரி நொறுங்கியது, புதியது நின்றது. இதுதான் கதை.

அட்டவணையைப் பார்த்ததுமே அவளுக்கு உறுத்தியது. பழையதில் உருண்டை நார், வேதிப்பொருள் கிடையாது. புதியதில் தட்டை நார், வேதிப்பொருளும் உண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றியாயிற்று. உப்பையும் காரத்தையும் சேர்ந்தாற்போல மாற்றிவிட்டு, ருசி வந்தது உப்பால்தான் என்று சத்தியம் செய்வது மாதிரி.

உறுத்தல் மட்டும் போதாது, கையில் ஆதாரம் வேண்டும். பதினெட்டு நாள் தேடினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாத ஒரு மொழியில், இருபத்திரண்டு வருடத்துக்கு முன் வெளியான விண்ணப்பம் ஒன்று அகப்பட்டது. துணி துவைக்கும் இயந்திரத்தின் உள்தொட்டியைப் பற்றியது. கார்க்காரன் எவனும் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டான். கணினி மொழிபெயர்ப்பு கன்னாபின்னாவென்று இருந்தாலும் ஆறாவது அட்டவணை தெளிவாக இருந்தது. அதே நைலான், அதே தட்டை நார், எடையில் முப்பத்தேழு சதவீதம். வேதிப்பொருள் மட்டும் இல்லை.

ஆக, அவள் கேட்க வேண்டிய கேள்வி அவளுக்குத் தெரிந்துவிட்டது. முப்பத்தேழு சதவீதத் தட்டை நாரை வைத்து, வேதிப்பொருளைப் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று என்று சோதித்துக் காட்டுங்கள். போடாததும் தாக்குப்பிடித்தால் உங்கள் கண்டுபிடிப்பு துவைக்கும் இயந்திரத்துக்குள் எப்போதோ சுற்றியாயிற்று.

அன்று சாயங்காலம் இதை அவள் தன் கணவனிடம் சொன்னாள்.

அவர்கள் குடியிருப்புக்குப் பின்னால் நகராட்சித் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதைச் சுற்றி நடைபாதை போட்டிருந்தார்கள். ஒரு சுற்றுக்கு ஏழு நிமிடம். ஆறு மணிக்கு இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினால் ஐந்து சுற்று. ஒரு வருடமாகத்தான் இந்தப் பழக்கம்.

அதற்கு முன் பத்தொன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் அலுவலகத்தில் என்ன செய்கிறாள் என்று அவன் கேட்டதே இல்லை. பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தான். சொல்லப்போனால் அவளுடைய வேலை புரியக்கூடிய ஒரே ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தான். ஆனால் அவள் வாயைத் திறந்தால், "உங்க ஆபீஸ் காகிதக் கதையை வீட்டுக்குக் கொண்டுவராதே" என்பான். பிறகு தொழிற்சாலையை மூடினார்கள். எட்டு மாதம் வீட்டில் இருந்தான். அந்த எட்டு மாதமும் குக்கர் விசில் எண்ணுவதும், மகளுக்கு ஹாஸ்டலுக்கு போன் போட்டு "சாப்பிட்டியா" என்று கேட்பதுமாக ஆள் பாதியாகிவிட்டான். ஒரு சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. பிளாஸ்டிக், ரப்பர் மாதிரிகளை வாங்கி, இழுத்து, வளைத்து, உடைத்து அறிக்கை கொடுக்கும் லேப். அவன்தான் அங்கே மேலாளர்.

வேலையில் சேர்ந்த வாரமே, "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு, நீயும் வாயேன்" என்றான். நடக்கும்போது, "இன்னைக்கு என்ன பாத்தே?" என்றான். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "என்ன திடீர்னு அக்கறை?" என்றாள். "எட்டு மாசம் சும்மா இருந்தப்பதான் யோசிச்சேன். இத்தனை வருஷம் உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா?" என்றான். தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே நின்றுகொண்டு அழுதால் நன்றாயிருக்காது என்று வேகமாக நடந்தாள்.

அவன் கேட்கிற விதமும் நன்றாக இருந்தது. நடுவில் புகுந்து அறிவுரை சொல்ல மாட்டான். "அப்புறம்?" என்பான். "அது எப்படிக் கண்டுபிடிச்சே?" என்பான். கேட்கக் காது கிடைத்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? பதினான்கு வருடமாக அவளுக்குள் அடைந்து கிடந்ததெல்லாம் ஐந்து சுற்றில் கொட்டியது. மகள்கூட போனில், "என்னம்மா, குரலே மாறிப்போச்சு, கல்யாணப் பொண்ணு மாதிரி பேசற?" என்று கிண்டல் செய்தாள்.

வெளியாகிவிட்ட விண்ணப்பத்தை ஊரே படிக்கலாம், தடையில்லை. ஆனால் அதைப் பற்றி ஆய்வாளர் என்ன நினைக்கிறார், எந்த ஆதாரத்தைக் கையில் வைத்திருக்கிறார் என்பது அறிக்கை கையெழுத்தாகி வெளியே போகும்வரை அலுவலகத்தைத் தாண்டக்கூடாது. சேர்ந்த அன்றே அதற்குக் கையெழுத்துப் போட்டிருந்தாள். மறக்கவும் இல்லை. வீட்டுக்காரரிடம் சொல்வதெல்லாம் சொல்வதில் சேர்த்தியா என்று ஒரு சமாதானம், அவ்வளவுதான். அன்றைக்கு மூன்றாவது சுற்றில் துவைக்கும் இயந்திரக் கதையைச் சொல்லிவிட்டு, "முப்பத்தேழுல கேக்கப் போறேன், மாட்டிக்குவாங்க" என்று குழந்தை மாதிரிக் கை தட்டினாள்.

"முப்பத்தேழா? ஏன் அந்தக் கணக்கு?" என்றான் அவன்.

அவள் ஆறாவது அட்டவணையை விளக்கினாள். "கில்லாடிதான் நீ" என்றான்.

அறிக்கையை அவள் உடனே எழுதவில்லை. வரிசையில் முன்னால் வேறு விண்ணப்பங்கள் இருந்தன. ஏழு வாரம் ஓடியது. எட்டாவது வாரம் அந்தக் கம்பெனியின் வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. ஆய்வுக்கு உதவியாக இருக்கும் என்று கருதி, கூடுதல் சோதனை முடிவுகளைத் தாங்களாகவே சமர்ப்பிக்கிறார்களாம்.

படித்தவுடன் அவளுக்குச் சந்தோஷமே வந்தது. அவள் நினைத்த மாதிரியே நினைக்கிற ஆள் ஒருவர் அந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்று ஒரு மரியாதை. "பாருங்க சார், ஒழுங்கான ஆளுங்களும் இருக்காங்க" என்று கமாவிடம் கடிதத்தை நீட்டினாள்.

கமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மெதுவாகப் படித்தார். "நீங்க இன்னும் ரிப்போர்ட் அனுப்பலையே, நாரம்மா?"

"இல்லையே."

"கேள்வி போகல. பதில் வந்திருக்கு. இவங்க கம்பெனில சயின்டிஸ்ட்டுக்குப் பதிலா ஜோசியரை வச்சிருக்காங்களா?" என்று சிரித்தார். பிறகு, "அது சரி, இவங்க விண்ணப்பம் முழுக்க நாற்பது சதவீதம்தானே? இங்க மட்டும் என்ன முப்பத்தேழு?" என்றார்.

அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. காகிதத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். முப்பத்தேழு சதவீதத் தட்டை நார், வேதிப்பொருள் போட்டு. முப்பத்தேழு சதவீதத் தட்டை நார், வேதிப்பொருள் போடாமல். ஆயிரம் மணி நேரம். அவள் மனதில் எழுதிவைத்திருந்த கேள்வியை யாரோ எட்டிப் பார்த்துப் பிரதி எடுத்த மாதிரி இருந்தது.

அந்த எண் உலகத்தில் இரண்டு இடத்தில்தான் இருந்தது. யாரும் தொடாத ஒரு பழைய காகிதத்தில், அடுத்து அவள் தலைக்குள். தலைக்குள் இருந்தது ஒரே ஒரு முறைதான் வெளியே வந்தது.

தற்செயலாக இருக்கலாமே என்று அன்று முழுவதும் தன்னிடமே வாதாடினாள். முப்பத்தைந்தும் இல்லாமல் நாற்பதும் இல்லாமல் முப்பத்தேழைச் சும்மா தேர்ந்தெடுக்க ஒருத்தனுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். அந்தப் பழைய காகிதத்தை அவர்களும் கண்டுபிடித்திருக்கலாம். கண்டுபிடித்திருந்தால் அதைப் பற்றி ஒரு வார்த்தையாவது எழுதியிருப்பார்களே? சாயங்காலம் நடக்கும்போது அவன் வழக்கம்போல, "இன்னைக்கு என்ன பாத்தே?" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். இருபது வருடமாகப் பார்த்த முகம். அதில் அவளுக்கு ஒன்றும் படிக்கத் தெரியவில்லை.

"அந்தக் கார்த் தொட்டி விண்ணப்பந்தான்" என்றாள். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. "அதுல இன்னொரு சந்தேகம் இருக்கு. வார்க்கும்போது மிஞ்சற துண்டையெல்லாம் அரைச்சுத் திரும்பக் கலப்பாங்கல்ல? அப்படிக் கலந்தா நார் உடைஞ்சு குட்டையாயிடும். அப்பவும் இது தாங்குமான்னு கேக்கணும்."

அப்படி ஒரு சந்தேகம் அவளுக்கு இல்லவே இல்லை. அந்த விண்ணப்பத்துக்கும் அரைத்த துண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கொஞ்சம் விவரம் தெரிந்த ஆய்வாளர் யாரும் அதைக் கேட்க மாட்டார்.

அவன் நாலு அடி நடந்தான். ‘ச்சே, அதெல்லாம் எதுக்குக் கேக்கற’ என்று சொல்லிவிட மாட்டானா என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை சதவீதம் கலந்தா?" என்றான்.

"பதினொண்ணு" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் அவள் வாழ்க்கையிலேயே நீளமானவை. காலையில் அவனுக்குத் தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பிக் கொடுப்பாள். சட்டைக் காலரைச் சரிசெய்வாள். அலுவலகத்துக்குப் போனதும் தபால் பட்டியலைத் திறந்து பார்ப்பாள். ஒன்றும் வந்திருக்காது. அப்பாடா என்று இருக்கும். கூடவே அவன்மேல் ஒரு பாசம் பொங்கும், சந்தேகப்பட்டதற்காகத் தன்மேல் ஒரு வெறுப்பு. நான்கு வாரம் ஆயிற்று. ஐந்தாவது வாரத்தில் நிம்மதியாகவே இருந்தாள். அவனுக்குப் புதிதாக இரண்டு சட்டைகூட எடுத்தாள்.

ஆறாவது வாரம், வியாழக்கிழமை, மூன்று மணிக்கு வந்தது. இரண்டாவது கூடுதல் சமர்ப்பணம். மறு அரவை செய்த பிளாஸ்டிக் பதினோரு சதவீதம் கலந்து செய்த ஐந்நூறு மணி நேரச் சோதனை.

அவள் எழுந்து கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். அழுகை வரவில்லை. நிலைக்கண்ணாடியில் தெரிந்த பெண் கை தட்டிக்கொண்டு முப்பத்தேழு முப்பத்தேழு என்று சொன்ன பெண்ணா என்றுதான் பார்த்தாள். கணவன் ஏமாற்றினான் என்பது மெதுவாகத்தான் உறைத்தது. அதற்கு முன்னால் உறைத்தது வேறு. அந்த "அப்புறம்?" எல்லாம், அந்த "எப்படிக் கண்டுபிடிச்சே?" எல்லாம். ஒரு வருடம் தான் பேசுவதை ஒருவர் கேட்கிறார் என்று பூரித்துப்போனாளே, அவள் பேசினதை அவன் கேட்கவில்லை. குறித்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை காலை அவன் பால்கனியில் செய்தித்தாளை விரித்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான். அவள் கதவோரமாக நின்றாள்.

"பதினொண்ணு வந்திடுச்சு" என்றாள்.

"என்ன பதினொண்ணு?"

"அரைச்ச துண்டு. பதினோரு சதவீதம்."

நகவெட்டி நின்றது. அவன் நிமிரவில்லை. "டெஸ்ட் நிஜந்தான்" என்றான். "ஒரு நம்பரைக்கூட மாத்தல. நானே மெஷின் பக்கத்துல நின்னு உடைச்சேன்."

மறுப்பான், சண்டை போடுவான், கோபப்படுவான் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். இப்படி ஒரேயடியாக ஒப்புக்கொள்வான் என்று நினைக்கவில்லை. நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்கு அப்படி ஒரு சந்தேகமே இல்ல. பொய் சொன்னேன்."

இப்போது நிமிர்ந்தான். முகம் சுருங்கிவிட்டது. "என்னைச் சோதிச்சியா? எனக்கே பொறி வச்சியா?"

"சோதிக்கறதுதானே என் வேலை."

"நான் என்ன ஊரான் வீட்டுச் சொத்தையா திருடிட்டேன்? நீ எப்படியும் அந்தக் கேள்வியைக் கேக்கப் போற. அவங்க எப்படியும் டெஸ்ட் பண்ணிக் குடுக்கப் போறாங்க. பேட்டன்ட் கையில இருந்தாத்தான் கார்க் கம்பெனி ஆர்டர் போடுமாம், அவசரம். மூணு மாசம் முன்னாடி முடியுது. இதுல யாருக்கு நஷ்டம்?"

"எனக்கு."

"உனக்கு என்ன நஷ்டம்? உன் பேர் எங்கயும் வரல. வராது."

நஷ்டம் என்று அவன் புரிந்துகொண்டது அவ்வளவுதான். பிறகு, கேட்க வேண்டாம் என்று இரண்டு நாளாக விழுங்கி வைத்திருந்த கேள்வி தானாக வந்துவிட்டது.

"லேப்ல எப்ப கேட்டாங்க இப்படிச் செய்யச் சொல்லி?"

அவன் செய்தித்தாளை மடித்தான். நகத்துண்டுகள் சிதறாமல் நான்காக மடித்தான். "எட்டு மாசம் நான் எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியும்."

"எப்ப கேட்டாங்க?"

"இன்டர்வியூலயே. என் சர்ட்டிபிகேட்டைக்கூடச் சரியாப் பாக்கல. உங்க மனைவி எங்க வேலை பாக்கறாங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். எந்தப் பிரிவுன்னு கேட்டாங்க."

"அப்ப அந்த நடை…" என்று ஆரம்பித்தாள்.

"டாக்டரும் சொன்னாரு" என்றான் அவன். "சத்தியமாச் சொல்றேன், டாக்டரும் சொன்னாரு."

அந்த ஒரு ‘உம்’மில் எல்லாம் இருந்தது. அவள் எழுந்து உள்ளே போனாள். ஊறவைத்திருந்த துணியைத் துவைத்தாள். மதியம் சமைத்தாள். அவன் பின்னாலேயே வந்து ஏதேதோ சொன்னான். முதலில் லேபுக்காகக் கேட்டதாகவும், பிறகு அவள் பேசுவது உண்மையிலேயே பிடித்துப்போனதாகவும் சொன்னான். அது பொய் இல்லை என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அதனால் ஒன்றும் ஆறவில்லை. எது எப்போது உண்மையானது என்று ஒவ்வொரு சாயங்காலமாக எடுத்துப் பிரித்துப் பார்க்க அவளிடம் எந்த அட்டவணையும் இல்லை.

"மேல சொல்லப் போறியா?" என்றான் கடைசியில்.

"ஆமா."

"உன் வேலையும் போகும்."

"போகட்டும்."

"யோசிச்சுப் பாரு. நான் செஞ்சது தப்புன்னா, வாய்விட்டது யாரு?"

அது நேராக வந்து நெஞ்சில் தைத்தது, உண்மை என்பதால். தவளை தன் வாயால் கெட்ட கதைதான். வேலி பயிரை மேய்ந்தது என்றால், திறந்துவிட்ட கை அவளுடையது.

திங்கட்கிழமை பிரிவுத் தலைவர் அறைக்குப் போனாள். ஓய்வு பெற இரண்டு வருடமே இருந்த அந்த அம்மாள் எதற்கும் பதறாதவர். அவள் சொல்லச் சொல்ல எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இதை நீங்க என்கிட்ட சொல்லலைன்னா யாருக்கும் தெரியப்போறதில்லை. தெரியுமா உங்களுக்கு?" என்றார்.

"தெரியும் மேடம்."

"எழுத்துல குடுத்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது. விசாரணைக்குப் போயே ஆகணும்." ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "வீட்டுக்காரர்னு எழுதணுமா? வெளியாள் ஒருத்தர்கிட்டன்னு எழுதலாம்."

அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். வெளியாள் என்று எழுதினால் அவன் தப்பிப்பான். அதோடு, வெளியாள் என்பது அப்படி ஒன்றும் பொய்யுமாக இருக்காது என்று தோன்றியதும்தான் அன்றைக்கு முதன்முறையாக அவளுக்கு அழுகை வந்தது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ‘என் கணவரிடம்’ என்றே எழுதினாள். தான் சொன்ன தேதி, சொன்ன எண், பொய்யாகச் சொன்ன எண், எதையும் விடவில்லை.

விசாரணை இரண்டு மாதம் நடந்தது. விண்ணப்பத்தைக் கமாவுக்கு மாற்றினார்கள். வேலை போகவில்லை. ஆனால் ஒரு வருடம் எந்த விண்ணப்பத்தையும் தொடக்கூடாது என்று, கீழ்த்தளத்தில், வருகிற காகிதங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் போடும் பிரிவுக்கு அனுப்பினார்கள். பணிப் பதிவேட்டில் கண்டனக் குறிப்பு ஏறியது. கம்பெனி, எங்களுக்கு எதுவும் தெரியாது, சோதனைக்கூடம் ஆலோசனை சொன்னது, செய்தோம் என்று எழுதிக் கொடுத்தது. சோதனைக்கூடமோ, இது ஓர் ஊழியரின் தனிப்பட்ட நடவடிக்கை, எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றது.

அந்த ஊழியரை போனிலேயே நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்தான், அவள் வந்ததும், "கை கழுவிட்டாங்க" என்றான். "கேட்டதே அவங்கதான். இப்ப என்னை யாருன்னே தெரியாதாம்." அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், அந்தப் பதினொண்ணு வந்த நாளிலிருந்து அதையே அவளும் சுமந்துகொண்டிருந்தாள். ஒரு கணம் பக்கத்தில் போய் உட்காரத் தோன்றியது. போகவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

அவனை வீட்டைவிட்டுப் போ என்று அவள் சொல்லவில்லை. அவனும் போகவில்லை. அவளுடைய அண்ணன் வந்து ஒரு நாள் முழுக்கப் பேசினார். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும், பெரிசு பண்ணாதே" என்று ஆரம்பித்தவர், விவரம் முழுவதும் கேட்டபின், "இதுக்கு அந்த ஆள் வேற ஒருத்தியோட போயிருந்தாக்கூட நடந்ததைச் சொல்லிக்க உனக்கு ஒரு பேர் இருந்திருக்கும்" என்றார். அண்ணன் அவ்வளவு புரிந்துகொள்வார் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

அடுத்த வருடம் ஒரு நாள் கமா கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தார். அவளுடைய மேசைக்கு எதிரே நின்று, இருந்த நாற்காலியை இல்லாத தூசுக்காகத் தட்டினார்.

"சொல்லணுமா வேண்டாமான்னு தெரியல, நாரம்மா. அந்தக் கார்த் தொட்டிக்கு இன்னைக்குப் பேட்டன்ட் குடுத்தாச்சு."

அவள் கையில் இருந்த காகிதக் கட்டைக் கீழே வைத்தாள்.

"அவங்க அனுப்பின பழைய டெஸ்ட்டையெல்லாம் நான் ஒதுக்கிட்டேன். உங்க துவைக்கிற மெஷினை வச்சே கேட்டேன். வேற லேப்ல புதுசாப் பண்ணச் சொன்னேன்."

"என்ன வந்தது?"

"அதேதான். மருந்து போடாதது நொறுங்கிடுச்சு. போட்டது நின்னுது. கண்டுபிடிப்பு நிஜமாவே நல்ல கண்டுபிடிப்பு."

அவள் தலையை ஆட்டினாள். உள்ளுக்குள் எத்தனை மாதமாக அது புளுகாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. புளுகாக இருந்திருந்தால், ஒரு பெரிய மோசடிக்காக அவளை விற்றான் என்றாவது ஆகியிருக்கும். இது சும்மா. அவள் முறைப்படி கேட்டிருப்பாள், அவர்கள் முறைப்படி பதில் சொல்லியிருப்பார்கள், உரிமை கிடைத்திருக்கும். மூன்று மாத அவசரத்துக்காகப் போனது அவ்வளவும்.

"ஒரு கமாகூடக் குறை சொல்ல முடியல" என்றார் கமா. சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவளும் அவருக்காகச் சிரித்தாள்.

அவனுக்கு ஒரு குழாய்த் தொழிற்சாலையில் சின்ன வேலை கிடைத்தது. வீட்டில் பேச்சு உண்டு. கேஸ் தீர்ந்துவிட்டது, குழாய் ஒழுகுகிறது, மகளுக்கு எப்போது லீவு. வெளியே இருந்து பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாத பேச்சு.

மகள் லீவுக்கு வந்தாள். அவளிடம் விஷயத்தை முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. அரைகுறையாக ஊகித்து வைத்திருந்தாள். அந்த வாரம்தான் தண்டனைக் காலம் முடிந்து அம்மா நான்காவது மாடிக்குத் திரும்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"அம்மா, மறுபடியும் பழைய சீட்டா? சூப்பர்! இப்ப என்ன பாக்கற, சொல்லு" என்றாள் மகள்.

அவன் பாதித் தட்டில் இருந்தான். அவளையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். அடுப்படிக்குப் போய், உள்ளேயிருந்து கதவைச் சாத்திக்கொண்டான். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. பேசுவது காதில் விழக்கூடாது என்று முழுதாகத் திறந்திருந்தான்.

மகள் கதவைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். "அப்பா ஏன்மா…"

"நீ சாப்பிடு."

"இல்ல, சொல்லும்மா. என்ன பாக்கற?"

அவளுக்குச் சொல்ல ஆசையாக இருந்தது. அந்த வாரம் வந்த விண்ணப்பம் அருமையானது. வாயருகே வந்த வார்த்தையை அடக்கிக்கொண்டு, தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டாள்.

"ஒண்ணுமில்லடா. ஏதோ பிளாஸ்டிக்தான்" என்றாள்.